ஏலமலைச் சரிவுகளில் இரும்பு மட்டை: ஒரு குழிப்பந்தாட்ட அடியின் வரலாறு

குழிப்பந்தாட்டத்தில் (கோல்ஃப்) தரையில் கிடக்கும் பந்தை இரும்புத் தலை கொண்ட மட்டையால் அடித்துக் குழியை நோக்கி அனுப்புவது இரும்பு அடி எனப்படும். மட்டையின் முகம் பந்தை எந்த இடத்தில், எந்தக் கோணத்தில், தரையைத் தொடுவதற்கு முன்னா பின்னா தொடுகிறது என்பதைப் பொறுத்தே அந்த அடியின் தூரமும் திசையும் அமைகின்றன. இதைப் பந்துத் தொடுகை என்று சொல்லலாம். ஸ்காட்லாந்தின் கடற்கரை மணல்மேடுகளில் உருவான இந்த நுட்பம், 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தென்னிந்திய மலைகளை எட்டியது. போடிநாயக்கனூருக்கு மேலே குண்டளைப் பள்ளத்தாக்கிலும், மூணாறிலும், வடகிழக்கே கொடைக்கானலிலும் ஆடுகளங்கள் அமைந்தன. இக்கட்டுரை அந்த மலைகளுக்கு ஆட்டம் வந்த வழியையும், இரும்பு அடி பற்றிய அறிவு வளர்ந்த விதத்தையும், அந்த அறிவு யாருக்குக் கிடைத்தது என்பதையும் விளக்குகிறது.

போடியிலிருந்து மலையேறிய பாதை

போடிநாயக்கனூர் இன்று தேனி மாவட்டத்தில் உள்ள நகராட்சி. பாளையக்காரர் காலத்தில் போடிநாயக்கனூர் பாளையத்தின் தலைமையிடமாக இருந்தது. மேற்கே எழும் மலைத்தொடரில் ஏலக்காய் விளைவதால் அப்பகுதி ஏலமலை எனப் பெயர் பெற்றது. மலையில் விளையும் ஏலக்காய் போடிக்கு இறங்கி இங்கு ஏலம் விடப்படுகிறது. அரிசி, உப்பு, துணி, கருவிகள் ஆகியவை போடியிலிருந்து மலைக்கு ஏறின. இந்த ஏற்ற இறக்கமே இப்பகுதியின் பொருளாதாரம்.

மலையின் மறுபுறம் திருவிதாங்கூருக்கு உட்பட்டிருந்தது. 1877இல் ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர் பூஞ்ஞாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகையாகப் பெற்றார். தொடக்க காலத் தோட்டக்காரர்கள் சிங்கோனா, காப்பி, ஏலம் எனப் பல பயிர்களை முயன்று பார்த்தபின் தேயிலையில் நிலைத்தனர். 1890களில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரைச் சேர்ந்த ஃபின்லே நிறுவனம் இங்கு முதலீடு செய்தது. 1897இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் நிறுவனம் உருவானது. குழிப்பந்தாட்டத்தின் தாய்நாடும் இந்த மூலதனத்தின் தாய்நாடும் ஒன்றே என்பது இங்கு கவனிக்கத்தக்கது. தோட்ட மேலாளர்களுடன் அவர்களின் ஆட்டமும் வந்தது.

தேயிலையை வெளியே அனுப்பும் வழி போடிப் பக்கமாக இருந்தது. 1902இல் மூணாறுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் இடையே மாடுகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாள வண்டி இயங்கியது. 1908இல் அது இரண்டடி அகலமுள்ள குறும்பாதை இரயிலாக மாற்றப்பட்டது. இது குண்டளைப் பள்ளத்தாக்கு இரயில் என்று அழைக்கப்பட்டது. டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் சுமார் 5 கி.மீ. நீளமுள்ள கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கின. அங்கிருந்து சுமார் 15 கி.மீ. மாட்டுவண்டியில் போடிக்குச் சென்றன. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த இரயில் பாதையை அழித்தது. மதுரையிலிருந்து போடிக்கு இரயில் வந்தது 1928இல். ஆக, மலைமேல் ஓடிய இரயிலும் அடிவாரத்து இரயிலும் ஒரே காலத்தில் ஓடவில்லை.

மலையில் அமைந்த ஆடுகளங்கள்

பிரித்தானியத் தீவுகளுக்கு வெளியே தோன்றிய மிகப் பழைய குழிப்பந்தாட்டச் சங்கம் 1829இல் தொடங்கப்பட்ட கல்கத்தா கோல்ஃப் கிளப் ஆகும். 1876இல் பெங்களூரில் சங்கம் ஏற்பட்டது. 1895இல் கொடைக்கானல் கோல்ஃப் கிளப் தொடங்கப்பட்டது. அப்போது கொடைக்கானலுக்கு மோட்டார் சாலை இல்லை. பெரியகுளம் அருகிலுள்ள கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பிலிருந்து குதிரைப் பாதையில் ஏறினார்கள். சரக்குகள் சுமைகூலிகளின் தலையிலும் தோளிலும் ஏறின. நீலகிரியில் உதகை, வெலிங்டன் ஆகிய இடங்களிலும் ஆடுகளங்கள் இருந்தன.

மூணாறில் தோட்டக்காரர்களின் ஹை ரேஞ்ச் கிளப் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைந்தது. அதற்கு ஒன்பது குழி ஆடுகளம் உண்டு. டாப் ஸ்டேஷனுக்குச் செல்லும் வழியில் குண்டளையிலும் ஓர் ஆடுகளம் உருவானது. போடியிலிருந்து நேர்க்கோட்டில் பார்த்தால் மிக அருகிலுள்ள ஆடுகளம் இதுவே. ஆனால் இடையில் ஆயிரம் மீட்டருக்கும் மேற்பட்ட உயர வேறுபாடு உள்ளது.

இந்த ஆடுகளங்களைச் செதுக்கியவர்கள் தமிழ்த் தொழிலாளர்கள். மதுரை, திருநெல்வேலி வட்டாரங்களிலிருந்து கங்காணிகள் வழியாக ஆள் சேர்க்கப்பட்டது. தேயிலைக்காகக் காடு திருத்திய அதே கைகள்தான் புல்லை வெட்டின, வடிகால் தோண்டின, பந்தைத் தேடி எடுத்தன. தோட்டக்காரர் கிளப்புகளில் உறுப்பினர்கள் ஐரோப்பியர்களே. லயத்தில் வாழ்ந்தவர்கள் அங்கு பணியாளர்களாக மட்டுமே நுழைந்தனர்.

பந்து மாறியபோது இரும்பு முன்னேறியது

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இரும்பு மட்டை அரிதாகவே பயன்பட்டது. அன்றைய பந்து, வேகவைத்த இறகுகளைத் தோலுறையில் திணித்துத் தைத்தது. கொல்லர் அடித்த கனமான இரும்பு அந்தத் தோலைக் கிழித்துவிடும். ஒரு பந்து செய்யவே நெடுநேரம் பிடிக்கும் என்பதால் விலையும் அதிகம். வண்டித் தடத்திலோ மணலிலோ பந்து சிக்கிக்கொண்டால் மட்டுமே இரும்பை எடுத்தார்கள். மற்ற அடிகள் அனைத்தும் மரத் தலை மட்டைகளால் ஆடப்பட்டன.

1848 வாக்கில் மலாய்த் தீவுகளின் மரப்பாலான கட்டாபெர்ச்சாவால் செய்த பந்து வந்தது. அது மலிவானது. வெட்டுப்பட்டாலும் சூடாக்கி மீண்டும் உருட்டிக்கொள்ளலாம். இதனால் இரும்பு மட்டைக்குப் பயம் நீங்கியது. ஆட்டக்காரர்கள் ஒரு விந்தையையும் கண்டனர். புதிய வழவழப்பான பந்து சீக்கிரம் தரையில் விழுந்தது. அடிபட்டு வடுப்பட்ட பந்தோ நேராகவும் தூரமாகவும் பறந்தது. அதன்பின் பந்தின் மேல் சுத்தியலால் கோடுகள் பதிக்கும் வழக்கம் ஏற்பட்டது. இன்றைய பந்தின் குழிகள் அந்த வடுக்களின் வழித்தோன்றல்களே.

செயிண்ட் ஆண்ட்ரூசைச் சேர்ந்த இளைய டாம் மோரிஸ், 1868 முதல் 1872 வரை நான்கு முறை ஓப்பன் பட்டம் வென்றவர். தடத்திலிருந்து பந்தை வெளியேற்றவே பயன்பட்ட சிறு இரும்பை, பந்தை உயரே அனுப்பிக் குழிக்கருகே நிறுத்தும் கருவியாக அவர் மாற்றினார். அவருக்குப்பின் இரும்புகள் பெருகின. கிளீக், மாஷி, நிப்ளிக் என ஒவ்வொன்றுக்கும் பெயர் இருந்தது. இன்றைய ஐந்தாம் எண் இரும்புக்கு ஏறத்தாழ இணையானது மாஷி. ஒன்பதாம் எண்ணுக்கு இணையானது நிப்ளிக். எண்கள் பரவலாக வழக்கிற்கு வந்தது 1920களுக்குப் பிறகுதான்.

1898இல் அமெரிக்காவின் கோபர்ன் ஹாஸ்கெல், ரப்பர் இழைகளை இறுகச் சுற்றிய உட்கரு கொண்ட பந்தை உருவாக்கினார். 1902இல் சாண்டி ஹெர்ட் அந்தப் பந்தால் ஓப்பன் பட்டம் வென்றார். குண்டளையில் மாட்டிழுவை வண்டி ஓடத் தொடங்கிய ஆண்டும் அதுவே.

தூக்கி அடிக்கும் எண்ணமும் அதன் பிழையும்

இரும்பு அடியில் புதியவர்கள் செய்யும் தவறு அன்றும் இன்றும் ஒன்றுதான். பந்து மேலே எழ வேண்டும் என்பதால் மட்டையை அதன் அடியில் நுழைத்துத் தூக்க முயல்கிறார்கள். கிட்டிப்புள் ஆடிப் பழகியவர்களுக்கு இது இயல்பாகவே வரும். கிட்டியைப் புள்ளின் அடியில் கொடுத்துக் கெந்தினால்தான் அது எழும். குழிப்பந்தில் அப்படிக் கெந்தினால் உடல் பின்காலில் சாய்கிறது, மணிக்கட்டு முன்னோக்கி மடிகிறது, மட்டை பந்துக்கு முன்பே தரையைத் தொடுகிறது. மண் பெயர்ந்து பந்து சில அடி தள்ளி விழும். இல்லையேல், தரையைத் தொட்டு மேலெழும் மட்டையின் கீழ் விளிம்பு பந்தின் நடுவில் பட்டு, பந்து உயராமல் தரையோடு சீறிப்பாயும். இரண்டும் எதிரெதிர் விளைவுகளாகத் தோன்றினாலும் காரணம் ஒன்றே: வீச்சின் தாழ்ந்த புள்ளி பந்துக்குப் பின்னால் அமைந்துவிட்டது.

மட்டை வீச்சு ஒரு வட்ட வில். அரிவாளால் புல் அறுப்பவரின் கை வீச்சைப் போல அது இறங்கி, ஓரிடத்தில் தரைக்கு மிக அருகே வந்து, மீண்டும் ஏறுகிறது. தேர்ந்த ஆட்டக்காரரின் இரும்பு அடியில் இந்தத் தாழ்ந்த புள்ளி பந்துக்கு முன்னால், ஏறத்தாழ நான்கு விரற்கடை தள்ளி அமையும். மட்டை இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும்போதே பந்தைத் தொடுகிறது. பந்து போன பிறகே புல்லைச் செதுக்குகிறது. நல்ல அடிக்குப் பின் புல் பெயர்ந்த தடம் பந்து இருந்த இடத்திற்கு முன்னால் தொடங்குவது இதனால்தான்.

கீழ்நோக்கி அடித்தால் பந்து எப்படி மேலே எழுகிறது? மட்டையின் முகம் பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. இன்றைய ஏழாம் எண் இரும்பின் சாய்வு சுமார் 30 முதல் 35 பாகை. இறங்கும் மட்டை சுமார் 4 பாகை கீழ்நோக்கி வந்தாலும், சாய்ந்த முகம் பந்தை மேல்நோக்கியே அனுப்பும். கூடவே பந்து பின்னோக்கிச் சுழலவும் தொடங்கும். தொழில்முறை ஆட்டக்காரர் ஏழாம் எண் இரும்பால் அடிக்கும் பந்து நிமிடத்திற்கு ஏறத்தாழ 7,000 முறை சுழல்கிறது.

இந்தப் பின்சுழற்சியின் பயனை முதலில் விளக்கியவர் எடின்பரோ பல்கலைக்கழக இயற்பியலாளர் பீட்டர் கத்ரி டெய்ட். அவருடைய மகன் ஃப்ரெடி டெய்ட் 1896இலும் 1898இலும் பிரித்தானிய அமெச்சூர் பட்டம் வென்றவர். 1890களில் தந்தை வெளியிட்ட ஆய்வுகள், பின்சுழற்சி பந்தைக் காற்றில் தாங்கிப் பிடிக்கிறது என்று காட்டின. அதற்கு முன் சுழற்சியை வெறும் குறையாகவே பலர் கருதினர். வடுப்பட்ட பந்து ஏன் நன்றாகப் பறந்தது என்ற கேள்வியும் இதோடு சேர்ந்ததே. சொரசொரப்பான பரப்பு காற்றின் இழுவையைக் குறைத்து, சுழற்சி தரும் தூக்குவிசைக்கும் துணை செய்கிறது.

1930களில் அமெரிக்காவின் ஹரால்ட் எட்ஜர்ட்டன் மின்வெட்டொளிப் படக்கருவியால் அடியின் நொடிகளைப் பிரித்துக் காட்டினார். 1968இல் அலஸ்டேர் காக்ரன், ஜான் ஸ்டாப்ஸ் இருவரும் எழுதிய ஆய்வு நூல் வீச்சை முறையாக அளந்து விளக்கியது. மட்டையும் பந்தும் தொட்டிருக்கும் நேரம் சுமார் அரை மில்லி நொடி, அதாவது ஒரு நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அடி பட்ட உணர்வு கையிலிருந்து மூளைக்குப் போவதற்குள் பந்து போய்விடும். எனவே தொடும் கணத்தில் எதையும் திருத்த முடியாது. நிற்கும் நிலை, எடையின் நகர்வு, வீச்சின் பாதை ஆகியவற்றைத்தான் திருத்த முடியும். பந்துத் தொடுகையைக் கைராசி என்று எண்ணியவர்களுக்கு இது முக்கியமான பாடம்.

மலைச்சரிவும் மழையும்

ஆட்டம் பிறந்த ஸ்காட்லாந்துக் கடற்கரையில் தரை மணற்பாங்கானது. மழை பெய்தாலும் நீர் வடிந்துவிடும். தென்னிந்திய மலை ஆடுகளங்களில் சூழல் வேறு. மூணாறு, குண்டளைப் பகுதிகள் சூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையை முழுமையாகப் பெறுகின்றன. அதே மலையின் மழைமறைவில் உள்ள போடிக்கு வடகிழக்குப் பருவமழையே முக்கியம். மலைமேல் நனைந்த மண்ணில் பந்துக்குச் சற்றுப் பின்னால் பட்டாலும் மட்டை புதைந்துவிடும். காய்ந்த தரை மன்னிக்கும் தவறை ஈரத்தரை மன்னிக்காது. புல்லின் ஈரம் மட்டை முகத்துக்கும் பந்துக்கும் இடையே புகுந்தால் சுழற்சியும் குறையும். அப்படி அடிபட்ட பந்து விழுந்த இடத்தில் நிற்காமல் ஓடும்.

சரிவு மற்றொரு சிக்கல். சமதளத்தில் கற்ற வீச்சு சரிவில் அப்படியே பயன்படாது. அதற்கான பொது விதிகள் இவை:

* ஏற்றச் சரிவில் தோள்கள் சரிவுக்கு இணையாக இருக்க வேண்டும். பந்து வழக்கத்தைவிட உயரமாகவும் குறைந்த தூரமும் போகும். ஆகவே சாய்வு குறைந்த, அதாவது எண் சிறிய, இரும்பை எடுப்பார்கள்.
* இறக்கச் சரிவில் பந்துக்குப் பின்னாலுள்ள தரை உயர்ந்திருப்பதால் முன்பே தரையில் இடிக்கும் வாய்ப்பு அதிகம். எடை முன்காலில் இருக்க, மட்டை சரிவைப் பின்பற்றி இறங்க வேண்டும். பந்து தாழ்வாகப் பறக்கும்.
* பந்து பாதத்தைவிட உயர்ந்த இடத்தில் கிடந்தால், வலக்கை ஆட்டக்காரரின் பந்து இடப்புறம் திரும்பும். பிடியைச் சற்றுக் கீழே பிடித்து, இலக்குக்கு வலப்புறம் குறி வைப்பார்கள்.
* பந்து பாதத்தைவிடத் தாழ்ந்திருந்தால் வலப்புறம் விலகும். முழங்காலை மடக்கி, வீச்சு முடியும்வரை நிமிராமல் அடிக்க வேண்டும்.

உயரத்துக்கும் பங்குண்டு. கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு. பந்தை இழுத்துத் தடுக்கும் விசையும், தாங்கிப் பிடிக்கும் விசையும் குறைகின்றன. ஒரே அடி சென்னையில் போவதைவிட மலையில் அதிக தூரம் போகும். சமவெளியிலிருந்து வரும் ஆட்டக்காரர் எந்த மட்டையை எடுப்பது என்று தடுமாறுவது இதனால்தான்.

பை சுமந்தவர்களின் அறிவு

அந்தத் தடுமாற்றத்தைத் தீர்த்தவர்கள் ஆட்டக்காரரின் மட்டைப்பையைச் சுமந்து உடன் நடந்த கேடிகள். காவல்துறைப் பதிவேட்டிலிருந்து வந்த 'கேடி' என்னும் ஏச்சுச் சொல்லுக்கும் இதற்கும் தொடர்பில்லை. இளையவர் எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து ஸ்காட்லாந்து வழியாக வந்த பெயர் இது. எந்தச் சரிவில் பந்து எப்படித் திரும்பும், எந்தக் குழிக்கு எத்தனையாம் எண் இரும்பு, மழைக்குப் பின் எங்கே தரை இளகும் என்பவை எல்லாம் நாள்தோறும் அதே நிலத்தில் நடந்தவர்களுக்குத்தான் தெரியும்.

நூற்றுக்கணக்கான ஆட்டக்காரர்களின் வீச்சை ஒரு கேடி பக்கத்தில் நின்று பார்க்கிறார். புல் பெயர்ந்த தடத்தைத் திருப்பி வைத்துச் சரிசெய்வதும் அவர் வேலை. நல்ல அடிக்குத் தடம் எங்கே விழும், கெட்ட அடிக்கு எங்கே விழும் என்பது அவருக்குப் பாடப்புத்தகம் இல்லாமலே தெரிந்துவிடும். அறிவியலாளர்கள் படக்கருவியால் கண்டதை அவர்கள் மண்ணைப் பார்த்தே கண்டனர். ஆனால் அந்த அறிவைத் தாமே ஆடிக் காட்டும் வாய்ப்பு பல தலைமுறைகளுக்கு இல்லை. மட்டை விலை எட்டாதது, ஆடுகள நுழைவு உறுப்பினர்களுக்கு மட்டுமானது.

இந்திய அளவில் இந்தத் தடை மெல்ல உடைந்தது. 1955இல் இந்தியக் குழிப்பந்தாட்டச் சங்கம் தொடங்கப்பட்டது. 1964இல் முதல் இந்திய ஓப்பனை ஆஸ்திரேலியாவின் பீட்டர் தாம்சன் வென்றார். அடுத்த ஆண்டு அமெச்சூர் ஆட்டக்காரரான பி. ஜி. சேத்தி வென்று, அப்பட்டம் பெற்ற முதல் இந்தியரானார். தொழில்முறை ஆட்டக்காரர் ஒருவர் வெல்ல 1991 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு வென்ற அலி ஷேர், டெல்லியில் கேடியாக இருந்து உயர்ந்தவர். 2009இல் வென்ற சி. முனியப்பா பெங்களூரில் கேடியாக இருந்தவர். 2016, 2017 ஆகிய ஆண்டுகளில் தொடர்ந்து வென்ற எஸ். எஸ். பி. சௌரசியா, கல்கத்தா ஆடுகளத்தின் புல்தரைப் பராமரிப்பாளர் ஒருவரின் மகன். கடலுக்கு அப்பால், இலங்கையின் என். தங்கராஜா, கே. பிரபாகரன் ஆகியோர் தொழில்முறை ஆட்டக்காரர்களாக இந்தியப் போட்டிகளிலும் ஆடியுள்ளனர்.

இந்தப் பட்டியலில் ஏலமலைச் சரிவிலிருந்து ஒருவரும் இல்லை. திறமைக் குறைவு இதற்குக் காரணமாக இருக்க முடியாது. டெல்லி, பெங்களூர், கல்கத்தா போன்ற நகரங்களில் கேடிகளுக்கெனப் போட்டிகளும், பழைய மட்டைகளைத் தரும் உறுப்பினர்களும், தொழில்முறைப் பயிற்சியாளர்களும் இருந்தார்கள். ஒன்பது குழிகளும் சில உறுப்பினர்களும் கொண்ட தோட்ட ஆடுகளத்தில் அத்தகைய ஏணி இல்லை. மலைத்தோட்டத்தில் பிறந்த பிள்ளைக்கு வேலை, வீடு, பள்ளி அனைத்தும் ஒரே நிறுவனத்தைச் சார்ந்திருந்தன. அங்கே விளையாட்டுக்கென ஒதுக்க நேரமோ பணமோ இல்லை. 2015 செப்டம்பரில் மூணாறுத் தேயிலைத் தோட்டத் தமிழ்ப் பெண்கள் 'பெம்பிளை ஒருமை' என்ற பெயரில் திரண்டு போனசுக்காகவும் கூலிக்காகவும் போராடியபோது, அந்த வாழ்க்கையின் நெருக்கடியை நாடு அறிந்தது.

மட்டையின் மாற்றங்கள்

தொடக்க காலத் தண்டுகள் ஹிக்கரி மரத்தாலானவை. அவை வீச்சில் முறுக்கிக்கொள்ளும், ஈரத்தில் வளையும். ஒரு பையிலுள்ள மட்டைகள் ஒன்றுபோல் இருக்காது. ஒவ்வொன்றுக்கும் கையைப் பழக்க வேண்டியிருந்தது. எஃகுத் தண்டுக்கு அமெரிக்க அமைப்பு 1924இலும், செயிண்ட் ஆண்ட்ரூசின் ஆர் அண்ட் ஏ அமைப்பு 1929இலும் அனுமதி அளித்தன. அதன்பின் எண் வரிசையில் ஒத்திசைந்த மட்டைத் தொகுதிகளைத் தொழிற்சாலைகள் செய்தன. மட்டைகளின் எண்ணிக்கை கட்டுக்கடங்காமல் போனதால் 14 என்ற வரம்பு அமெரிக்காவில் 1938இலும், பிரிட்டனில் 1939இலும் வந்தது.

1960களில் நார்வேயில் பிறந்த அமெரிக்கப் பொறியாளர் கார்ஸ்டன் சோல்ஹெய்ம் மற்றொரு மாற்றத்தைப் பரப்பினார். மட்டைத் தலையின் பின்புறத்தைக் குடைந்து, எடையை விளிம்புகளுக்கு நகர்த்தினார். நடுவில் படாத அடியில் மட்டை திருகுவது இதனால் குறைந்தது. கொல்லர் அடித்த தட்டையான இரும்பில் அரை விரல் விலகினால் கை விறுவிறுக்கும், பந்து சாகும். குடைந்த இரும்பில் அதே தவறுக்குத் தண்டனை குறைவு. ஆயினும் இம்மாற்றம் பந்தின் மையத்திலிருந்து பக்கவாட்டில் விலகும் பிழைக்குத்தான் மருந்து. மட்டை முன்பே தரையில் இடிக்கும் பிழையை எந்த மட்டையும் தீர்க்காது. அதற்கு வீச்சையே திருத்த வேண்டும்.

தொடுகையைத் திருத்தும் வழிகள்

பயிற்சியாளர்கள் இன்று கற்பிக்கும் எளிய வழிகள் அனைத்தும் தாழ்ந்த புள்ளியை முன்னால் நகர்த்துவதையே நோக்கமாகக் கொண்டவை.

* கோட்டுப் பயிற்சி: தரையில் சுண்ணாம்பால் ஒரு கோடு இழுத்து, பந்து இல்லாமல் வீச வேண்டும். புல் பெயர்வது கோட்டிலோ கோட்டுக்கு முன்னாலோ தொடங்க வேண்டும். பின்னால் தொடங்கினால் எடை பின்காலில் தங்கியுள்ளது என்று பொருள்.
* துண்டுப் பயிற்சி: பந்துக்கு ஒரு சாண் பின்னால் மடித்த துண்டை வைத்து, துண்டைத் தொடாமல் பந்தை அடிக்க வேண்டும்.
* எடை நகர்வு: வலக்கை ஆட்டக்காரர் அடிக்கும் கணத்தில் எடையின் பெரும்பகுதி இடக்காலில் இருக்க வேண்டும். வீச்சு முடிந்தபின் வலது குதிகால் தரையிலிருந்து உயர்ந்திருந்தால் நகர்வு சரி.
* கைகளின் நிலை: தொடும் கணத்தில் கைகள் பந்துக்குச் சற்று முன்னால் இருக்க வேண்டும். மட்டைத் தலை கைகளை முந்தினால் அது கெந்தும் அடியாகிவிடும்.
* பந்தின் இடம்: சிறிய இரும்புகளுக்குப் பந்து இரு பாதங்களுக்கு நடுவிலும், நீண்ட இரும்புகளுக்குச் சற்று முன்னாலும் இருக்கும்.

இவற்றுக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. ரேடார் கருவிகள் இன்று மட்டை இறங்கும் கோணத்தைப் பாகைக் கணக்கில் காட்டுகின்றன. ஆனால் சுண்ணாம்புக் கோடும் பெயர்ந்த புல்லும் சொல்லும் செய்தியும் அதுவே. இதனால்தான் இந்த நுட்பத்தைக் கற்க அறிவுத் தடை எப்போதும் பெரிதாக இருந்ததில்லை. தடை நிலத்திலும் நேரத்திலும் இருந்தது.

இன்றைய நிலை

கண்ணன் தேவன் தோட்டங்கள் ஃபின்லேயிடமிருந்து டாட்டாவிடம் வந்தன. 2005 முதல் அவற்றில் பெரும்பகுதியைத் தொழிலாளர்களும் பங்குதாரர்களாக உள்ள நிறுவனம் நடத்துகிறது. குண்டளை ஆடுகளம் தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே இன்றும் உள்ளது. கொடைக்கானல் ஆடுகளத்தில் காட்டெருமைகள் மேய்வதைச் சுற்றுலாப் பயணிகள் பார்த்திருப்பார்கள். குண்டளைப் பள்ளத்தாக்கு இரயிலும் கம்பிவடமும் மறைந்துவிட்டன. டாப் ஸ்டேஷன், சென்ட்ரல் ஸ்டேஷன் என்ற ஊர்ப்பெயர்கள் மட்டும் அவற்றின் நினைவாக எஞ்சியுள்ளன. அகலப்பாதைப் பணிக்காக 2010ஆம் ஆண்டின் இறுதியில் நிறுத்தப்பட்ட போடி இரயில், 2023 சூன் மாதம் மீண்டும் ஓடத் தொடங்கியது.

போடியில் ஏலக்காய் ஏலம் நடக்கும் நாளில் விலைப்பலகையைப் பார்ப்பவர்களில் குழிப்பந்து ஆடியவர் அரிதாகவே இருப்பார். எனினும் அவர்களின் முன்னோர் சுமந்து ஏற்றிய சரக்கோடுதான் அந்த ஆட்டம் மலைமேல் வாழ்ந்தது. ஒரு விளையாட்டின் வரலாற்றை எழுதும்போது வென்றவர்களின் பெயரோடு, புல்லை வெட்டியவர்களையும் பையைச் சுமந்தவர்களையும் சேர்த்து எழுதினால்தான் அது முழுமையாகும்.